சாக்லேட்டுக்கும் ஒரு பதம் உண்டு

போன ஏப்ரல் மாதம், பெங்களூர் அல்சூரில் எங்கள் வீட்டுக்குக் கீழே குடியிருக்கும் அக்கா ஒரு சாக்லேட் பட்டையோடு மேலே வந்தார். ஊரிலிருந்து வந்த சொந்தக்காரர்கள் கொடுத்ததாம். அலமாரியில் வைத்து மறந்துவிட்டார். பிரித்துப் பார்த்தால் சாம்பல் பூத்த மாதிரி மேலெல்லாம் வெள்ளைத் திட்டு.

"பூஞ்சை பிடிச்சிருச்சு போல தம்பி. பாப்பா கேட்டுட்டே இருக்கா. குடுக்கலாமா, தூக்கிப் போட்டுடவா?"

பூஞ்சை இல்லை, பயப்படாமல் சாப்பிடலாம் என்றேன். ஓரத்தில் ஒரு துண்டு ஒடித்தார். டக்கென்று முறிய வேண்டியது, பழைய பர்ஃபி மாதிரி உதிர்ந்து வந்தது. வாயில் போட்டுப் பார்த்துவிட்டு, "மாவு மாவா இருக்கே, அப்ப என்னதான் ஆச்சு இதுக்கு?" என்றார்.

"பதம் போயிடுச்சு அக்கா."

தீபாவளிக்குத் தெருவுக்கே மைசூர்பாக் கிளறிக் கொடுப்பவர் அவர். பாதி அந்த ஒரு சொல்லிலேயே புரிந்துவிட்டது. மீதிப் பாதியை அன்று படிக்கட்டில் உட்கார்ந்து சொன்னேன். அதைத்தான் இங்கே கொஞ்சம் விரிவாக எழுதுகிறேன். சாக்லேட் செய்கிறவர்கள் இந்தப் பதத்தை 'டெம்பரிங்' என்பார்கள். ஆனால் அங்கே போவதற்கு முன், கையில் இருக்கும் பொருள் என்ன என்று தெரிய வேண்டும்.

சாக்லேட் ஒரு பழத்தின் கொட்டையில் தொடங்குகிறது. அந்த மரத்தைப் பார்க்க ஆப்பிரிக்காவுக்குப் போக வேண்டியதில்லை. பொள்ளாச்சி, ஆனைமலைப் பக்கம் தென்னந்தோப்புகளுக்குள் ஊடுபயிராக நிற்கிறது. கர்நாடகத்தில் தட்சிண கன்னட மாவட்டத்தில் பாக்குத் தோட்டங்களுக்குள் நிற்கிறது. பெங்களூரிலிருந்து மங்களூருக்கு ரயிலில் போனால் வழியில் கபக புத்தூர் என்று ஒரு நிலையம் வரும். அந்தப் புத்தூரில், பாக்கு, கோகோ விவசாயிகளின் கூட்டுறவுச் சங்கமான காம்ப்கோ 1986 முதல் சாக்லேட் ஆலை நடத்திவருகிறது.

கோகோ மரம் பலா மாதிரி. கிளை நுனியில் காய்க்காது, அடிமரத்திலேயே காய்க்கும். பூ சுண்டுவிரல் நகத்தைவிடக் கொஞ்சம் பெரிது, அவ்வளவுதான். அதற்கு மகரந்தம் சுமப்பது தேனீ அல்ல, கொசுவைவிடச் சின்னதான ஒரு வகைப் பூச்சி. காய் ஒரு சின்னப் பப்பாளி அளவு இருக்கும். வெட்டினால் உள்ளே 30, 40 கொட்டைகள், சீதாப்பழச் சுளை போல வெள்ளைச் சதை போர்த்திக்கொண்டு. சதை புளிப்பும் இனிப்புமாக அருமையாக இருக்கும். ஆனால் கொட்டையைக் கடித்தால் வெறும் கசப்பும் துவர்ப்பும்தான். சாக்லேட் வாசனை துளிகூட இருக்காது. முதல் முறை கடித்துப் பார்த்தபோது எனக்கு நம்பவே முடியவில்லை.

அந்த வாசனையைப் பிறப்பிப்பது புளிப்பு. நம் வீட்டில் இட்லி மாவைப் பொங்க விடுகிறோமே, அதே வேலைதான். சதையோடு சேர்த்துக் கொட்டைகளைக் குவித்து, வாழை இலையோ சாக்கோ போட்டு மூடி, அல்லது மரப்பெட்டியில் அடைத்து, ஐந்து முதல் ஏழு நாள் மூட்டம் போடுகிறார்கள். முதலில் ஈஸ்ட், சதையிலுள்ள சர்க்கரையைத் தின்று சாராயமாக்குகிறது. பிறகு வரும் பாக்டீரியாக்கள் அதைக் காடியாக்குகின்றன. குவியலின் சூடு 45, 50 டிகிரி வரை ஏறுகிறது. அந்தச் சூட்டிலும் புளிப்பிலும் விதை முளைக்கும் உயிரை இழக்கிறது. உள்ளே அறைச் சுவர்கள் உடைந்து, புரதங்கள் சின்னச் சின்னத் துணுக்குகளாகப் பிரிகின்றன. பின்னால் வறுக்கும்போது வரும் சாக்லேட் மணம் இந்தத் துணுக்குகளிலிருந்துதான் வருகிறது. மூட்டம் சரியாகப் போடாத கொட்டையை எவ்வளவு பக்குவமாக வறுத்தாலும் பயனில்லை. சாக்லேட் விலையைப் பேசும்போது யாரும் இந்த ஒரு வாரத்தைப் பேசுவதில்லை. எனக்கு அது பெரிய குறையாகத் தெரிகிறது, ஏனென்றால் சுவையில் பாதி அந்த விவசாயியின் களத்திலேயே முடிவாகிவிடுகிறது.

அப்புறம் வெயிலில் காயப்போட்டு, காபிக் கொட்டை மாதிரி வறுத்து, உடைத்து, தோலைப் புடைத்து எடுக்கிறார்கள். ஆலையில் காற்றடிக்கும் இயந்திரம் செய்கிற வேலையை வீட்டில் முறம் செய்துவிடும். கிடைக்கும் பருப்பு நொறுங்கல்தான் 'நிப்'. இதில் பாதிக்கு மேல் கொழுப்பு. கோகோ பட்டர் என்பது அதுதான். அதனால் நிப்பை அரைக்க அரைக்கப் பொடியாகாமல், எள்ளு அரைத்தால் எண்ணெய் விடுவது போலக் கூழாகி ஓடத் தொடங்கும்.

இந்த இடத்தில் ஒரு விஷயத்தைச் சொல்லாமல் போக எனக்கு மனசு வராது. வெளிநாடுகளில் வீட்டிலும் சின்னப் பட்டறைகளிலும் கொட்டையிலிருந்தே சாக்லேட் செய்யத் தொடங்கியவர்கள் பலருக்கு முதல் இயந்திரமாக அமைந்தது நம் கோயம்புத்தூர் கிரைண்டர். இட்லிக்கு மாவரைக்கச் செய்த அந்தக் கல்லுருளைகளே கோகோவையும் அரைத்தன. இன்று கோகோவுக்கென்றே மோட்டாரையும் தாங்கிகளையும் மாற்றிச் செய்து 'மெலஞ்சர்' என்ற பெயரில் விற்கிறார்கள். அடிப்படை, நம் சமையலறையில் ஓடுகிற அதே கல்தான். புவிசார் குறியீடு வாங்கிய கருவி அது. அது உலகத்துச் சாக்லேட்டுக்கும் உழைத்திருக்கிறது என்பதில் எனக்கு நிஜமாகவே பெருமை.

ஒரே ஒரு வித்தியாசம். இட்லி மாவுக்குத் தண்ணீர் தெளித்துத் தெளித்துத் தள்ளிவிடுவோம். சாக்லேட்டில் ஒரு சொட்டுத் தண்ணீர்கூடப் படக் கூடாது. பட்டால் அதிலுள்ள சர்க்கரை அந்த ஈரத்தைப் பிடித்துக்கொண்டு ஒட்டிக்கொள்ளும். ஓடிக்கொண்டிருந்த கூழ் கெட்டிக் களியாகிவிடும். அரைப்பது ஒரு மணி நேரம் இரண்டு மணி நேரம் இல்லை, ஒரு நாள், இரண்டு நாள், சிலர் மூன்று நாள்கூட ஓட்டுகிறார்கள். துகள் ஏறக்குறைய 20 மைக்ரான் அளவுக்கு, அதாவது ஒரு மில்லிமீட்டரில் ஐம்பதில் ஒரு பங்குக்கு வர வேண்டும். அதைவிட மிகவும் பெரிதாக இருந்தால் நாக்கு நறநறப்பைக் கண்டுபிடித்துவிடும்.

ஆக, அரைத்து முடித்த கறுப்புச் சாக்லேட் என்பது என்ன? கோகோ பட்டர் என்ற கொழுப்புக்குள் கோகோத் துகளும் சர்க்கரைத் துகளும் மிதக்கின்றன. அவ்வளவுதான். பட்டை முறிவதும், பளபளப்பதும், வாயில் உருகுவதும், ஏப்ரலில் வெளுப்பதும் எல்லாமே அந்தக் கொழுப்பின் குணம்.

சாக்லேட்டின் வரலாற்றையும் இந்தக் கொழுப்பை வைத்தே சொல்லிவிடலாம். கோகோவின் தாய்நிலம் தென் அமெரிக்காவின் அமேசான் பகுதி. இன்றைய ஈக்வடாரில் 5,000 ஆண்டுகளுக்கு முன்பே மனிதர்கள் அதைப் பயன்படுத்தியதற்குத் தடயம் கிடைத்திருக்கிறது. மெக்சிகோ, நடு அமெரிக்கப் பக்கத்தில் வாழ்ந்த மாயா மக்களும் பிறகு அஸ்டெக் மக்களும் அதை அரைத்து, மிளகாய் முதலியவை சேர்த்துக் குடித்தார்கள். கொட்டையையே காசாகவும் செலவழித்தார்கள். மாயாக்கள் சுமார் 1,300 ஆண்டுகளுக்கு முன் வரைந்த ஒரு மண்குவளை அமெரிக்காவில் பிரின்ஸ்டன் பல்கலைக்கழக அருங்காட்சியகத்தில் இருக்கிறது. அதில் ஒரு பெண் உயரத் தூக்கிய பாத்திரத்திலிருந்து கீழே இருக்கும் பாத்திரத்துக்குப் பானத்தை ஊற்றுகிறாள். நுரை வருவதற்காக. டபராவில் காபி ஆற்றுகிற யாருக்கும் அந்தப் படம் விளக்கம் இல்லாமலே புரியும்.

16-ஆம் நூற்றாண்டில் ஸ்பானியர் வழியாக ஐரோப்பாவுக்குப் போன பின்னும் அது குடிக்கிற பொருளாகவேதான் நெடுங்காலம் இருந்தது. கொழுப்பு மேலே மிதக்கும் கனமான பானம். 1828-இல் நெதர்லாந்தின் வான் ஹவுட்டன் குடும்பத்தார் அந்தக் கொழுப்பைப் பிழிந்தெடுக்கும் அச்சுக்குக் காப்புரிமை வாங்கினார்கள். நாம் வாங்குகிற கோகோப் பொடி அப்படித்தான் வந்தது. சரி, பிழிந்த கொழுப்பை என்ன செய்வது? 1847-இல் இங்கிலாந்தின் பிரிஸ்டல் நகரத்து ஃப்ரை நிறுவனம் அதை மறுபடி கோகோவோடும் சர்க்கரையோடும் கலந்து அச்சில் வார்த்துப் பட்டையாக்கியது. சாக்லேட் தின்கிற பொருளானது அதிலிருந்துதான். 1875 வாக்கில் சுவிட்சர்லாந்தின் டேனியல் பீட்டர் பால் சேர்த்தார். 1879-இல் அதே நாட்டின் ருடால்ஃப் லிண்ட், மணிக்கணக்கில் பிசைந்து வழவழப்பாக்கும் 'கான்ச்' இயந்திரத்தைக் கொண்டுவந்தார். மேற்கு ஆப்பிரிக்காவுக்குக் கோகோ போனதும், இன்று உலகக் கோகோவில் பாதிக்கு மேல் ஐவரி கோஸ்ட், கானா என்ற இரண்டு நாடுகளிலிருந்து வருவதும், அங்கே சிறுவர்கள் தோட்டங்களில் உழைப்பதும் தனியாக ஒரு கட்டுரை எழுத வேண்டிய விஷயங்கள்.

இப்போது பதத்துக்கு வருவோம்.

டிசம்பர் மாதக் காலையில் பெங்களூரில் தேங்காய் எண்ணெய் பாட்டிலைத் தலைகீழாகக் கவிழ்த்தாலும் சொட்டாது. கொழுப்பு உறைந்துவிடும். அதேபோல நெய்யைக் கவனித்திருப்பீர்கள். காய்ச்சி இறக்கி மெல்ல ஆறவிட்டால் மணல் மணலாக உறையும். சுடச்சுட ஃப்ரிட்ஜில் வைத்துவிட்டால் வழவழவென்று உறையும். ஒரே நெய்தான். உறைகிற விதம்தான் வேறு. கொழுப்பின் மூலக்கூறுகள் ஒன்றன்மேல் ஒன்றாக அடுக்கிக்கொள்ளும் முறை மாறுகிறது. அந்த அடுக்குக்குப் பெயர்தான் படிகம்.

கோகோ பட்டர் ஆறு விதமாக அடுக்கிக்கொள்ளும். முதல் வகை 17 டிகிரியிலேயே உருகிவிடும். நான்காவது வகை 27, 28 டிகிரியில். ஐந்தாவது 34 டிகிரியை ஒட்டி. ஆறாவது 36-ஐ ஒட்டி. நமக்கு வேண்டியது ஐந்தாவது மட்டும். ஏன் என்று கணக்குப் பார்த்தாலே தெரியும். உடம்புச் சூடு 37. கையில் பிடிக்கும்போது கெட்டியாக இருந்து, வாயில் வைத்ததும் உருக வேண்டுமென்றால் இந்த 34 டிகிரி அச்சாகப் பொருந்துகிறது. அதோடு இந்த அடுக்குத்தான் நெருக்கமானது, இறுக்கமானது. அதனால் ஒடித்தால் சத்தம் வரும், மேலே பளபளப்பு வரும், உறையும்போது கொஞ்சம் சுருங்குவதால் அச்சிலிருந்தும் தானாகக் கழன்று விழும். நான்காவது வகையாக உறைந்த சாக்லேட்டில் இதெல்லாம் எதுவும் இருக்காது. விரல் பட்டாலே ஒட்டும்.

சிக்கல் என்னவென்றால், உருக்கிய சாக்லேட்டைச் சும்மா ஆறவிட்டால் எல்லா வகையும் கலந்து உறைந்துவிடும். ஐந்தாவது வகையை மட்டும் வரவழைக்க என்ன செய்வது?

பாலுக்கு உறை குத்துகிறோமே, அதுதான் வழி. நல்ல தயிர் ஒரு கரண்டி விட்டால் பால் முழுவதும் அந்தத் தயிரின் குணத்துக்கு வருகிறது. இங்கே உயிருள்ள பாக்டீரியா எதுவும் இல்லை, அது ஒன்றுதான் வேறுபாடு. ஏற்கெனவே சரியாக உறைந்த சாக்லேட்டின் சில்லுகளை உருகிய சாக்லேட்டில் கலந்தால், அந்தப் படிகங்களைப் பார்த்து மற்றக் கொழுப்பும் அதே மாதிரி அடுக்கிக்கொள்ளும்.

வீட்டில் செய்து பார்க்க 300 கிராம் கறுப்புச் சாக்லேட் போதும். 100 கிராமைப் பொடியாகச் சீவித் தனியே வையுங்கள், அதுதான் உறை. மீதி 200 கிராமை ஈரமில்லாத பாத்திரத்தில் போட்டு, கொதித்து இறக்கிய வெந்நீர்ப் பாத்திரத்தின் மேல் வைத்து உருக்குங்கள். சூடு 45 முதல் 50 டிகிரி வரை போகட்டும். பழைய படிகங்கள் எல்லாம் கரைந்துபோவது இந்தச் சூட்டில்தான். இறக்கி, பாத்திரத்தின் அடி ஈரத்தைத் துடைத்துவிட்டு, உறைச் சில்லுகளைக் கொஞ்சம் கொஞ்சமாகப் போட்டுக் கிளறிக்கொண்டே இருங்கள். 31, 32 டிகிரிக்கு வந்ததும் நிறுத்தலாம். அதுதான் பதம். அந்தச் சூட்டில் நான்காவது வகை நிற்க முடியாது, ஐந்தாவது வகை கரையாது. மறந்துபோய் 34-க்கு மேல் மறுபடி ஏற்றிவிட்டால் உறை செத்துவிடும், முதலிலிருந்து தொடங்க வேண்டும். பால் சாக்லேட் என்றால் பால் கொழுப்பு கலந்திருப்பதால் ஓரிரண்டு டிகிரி குறைவாக நிறுத்த வேண்டும்.

சமையலறை வெப்பமானி ஒன்று வாங்கிக்கொள்வது நல்லது. இல்லாவிட்டால் ஒரு பொட்டு எடுத்துக் கீழுதட்டுக்கு அடியில் வைத்துப் பாருங்கள். சூடாகத் தெரியாமல் லேசாகக் குளுமையாகத் தெரிந்தால் ஏறத்தாழ அந்தச் சூடுதான். ஒரு கரண்டியின் முதுகை முக்கி வைத்தால், ஐந்து நிமிடம் போல ஆனதும் கோடு விழாமல், திட்டு இல்லாமல், பளபளவென்று உறைந்திருக்க வேண்டும். கடலை மிட்டாய்க்குப் பாகைத் தண்ணீரில் விட்டு, உருட்டி, தட்டி, 'டங்' என்று கேட்கிறதா என்று பார்ப்பது போன்ற சோதனை இது. அக்கா அதைக் கேட்டதும் தலையாட்டியது இன்னும் நினைவிருக்கிறது.

சரி, அவருடைய சாக்லேட்டுக்கு என்ன ஆயிற்று? பெங்களூர் ஏப்ரலில் பகலில் 35 டிகிரி, விடியற்காலையில் 22. (2016 ஏப்ரலில் இங்கே 39.2 வரை போனது.) மூடிய அலமாரியில் பகலில் கொழுப்பு கொஞ்சம் இளகி மேலே கசியும், இரவில் மறுபடி உறையும். இந்த முறை எந்த உறையும் இல்லாமல், தோன்றியபடி. சில வாரங்களில் பெரிய பெரிய வெள்ளைப் படிகங்கள் மேலே படர்ந்துவிடும். அதுதான் அந்தச் சாம்பல். சாக்லேட்டில் தண்ணீர் மிகமிகக் குறைவு என்பதால் வெறும் பட்டையில் பூஞ்சை வளர்வது அரிது. கிரீமோ பழமோ உள்ளே வைத்த சாக்லேட் என்றால் கதை வேறு, அது கெட்டுப்போகும்.

ஃப்ரிட்ஜில் வைத்தாலும் வெள்ளை வரலாம். அது வேறு வெள்ளை. வெளியே எடுத்ததும் காற்றின் ஈரம் மேலே வியர்க்கும், சர்க்கரை அதில் கரையும், ஈரம் காய்ந்ததும் சர்க்கரை சொரசொரப்பாக மேலே நின்றுவிடும். எந்த வெள்ளை என்று சந்தேகம் வந்தால் ஒரு சொட்டுத் தண்ணீர் வையுங்கள். முத்தாக நின்றால் கொழுப்பு, பரவினால் சர்க்கரை. ஆகவே வெயில் காலத்தில் ஃப்ரிட்ஜில்தான் வைக்க வேண்டுமென்றால் காற்றுப் புகாத டப்பாவில் வையுங்கள். சாப்பிட எடுக்கும்போது டப்பாவைத் திறக்காமல் அறைச் சூட்டுக்கு வரவிட்டுப் பிறகு திறங்கள்.

கடையில் வாங்கும்போது ஒன்றைக் கவனியுங்கள். உறையின் பின்னால் சேர்மானப் பட்டியலில் கோகோ பட்டர் இருக்கிறதா, அல்லது அதன் இடத்தில் ஹைட்ரஜனேற்றிய தாவரக் கொழுப்பா? பின்னதைத்தான் பேக்கரிக்காரர்கள் 'காம்பவுண்டு' என்பார்கள். விலை குறைவு, பதம் தேவையில்லை, உருக்கி ஊற்றினால் தானாக உறையும். கேக் மேல் ஊற்ற அது வசதிதான். ஆனால் வாயில் உருகாமல் மெழுகு போலப் படியும். மேலே சொன்ன உறை குத்தும் வேலையெல்லாம் அதில் நடக்காது. அப்புறம் '70 சதவீதம்' என்று பெரிதாகப் போட்டிருப்பது, கோகோத் துகளும் கோகோ பட்டரும் சேர்ந்த எடை. மீதி பெரும்பாலும் சர்க்கரை. அந்த எண் தரத்தைச் சொல்லாது. மோசமாக மூட்டம் போட்ட கொட்டையிலும் 70 சதவீதம் செய்யலாம்.

சுவைப்பது எப்படி என்று கேட்டால், அவசரப்படாமல் என்பேன். ஃப்ரிட்ஜிலிருந்து எடுத்த உடனே வேண்டாம். முதலில் ஒடித்து முறிவைக் கேளுங்கள். முகர்ந்து பாருங்கள். நாக்கின் மேல் வைத்து மெல்லாமல் அப்படியே விடுங்கள். கொழுப்பு உருகும்போதுதான் மணம் வெளியே வரும், கடித்து விழுங்கிவிட்டால் அது மூக்குக்கு வரவே நேரம் இருக்காது. பொள்ளாச்சிக் கொட்டையில் செய்த கறுப்புச் சாக்லேட்டைச் சுவைத்தபோது எனக்கு முதலில் கசப்பும், சற்றுப் பொறுத்துக் காய்ந்த திராட்சை மாதிரி ஒரு புளிப்பும் தெரிந்தது. சர்க்கரை போடாத ஃபில்டர் காபி ஒரு வாயோடு சேர்த்தால் இன்னும் நன்றாக இருக்கும். வீட்டில் நாய் இருந்தால் மட்டும் எட்டாத இடத்தில் வையுங்கள். சாக்லேட்டிலுள்ள தியோப்ரோமின் அதற்கு விஷம்.

அக்காவின் பட்டையை இரண்டு நாள் கழித்து ஒரு விடியற்காலையில் இருவருமாக உருக்கினோம். வெளுத்ததை உறையாகப் போட முடியாது என்பதால் நல்ல பட்டை ஒன்று புதிதாக வாங்கிச் சீவிக்கொண்டோம். கிளறியது முழுக்க அவர்தான். அந்தக் கைக்கு யாரும் சொல்லித்தர வேண்டியதில்லை. 31-க்கு வந்ததும் நெய் தடவாத சின்னத் தட்டில் ஊற்றி, அறை சூடாக இருந்ததால் பத்து நிமிடம் மட்டும் ஃப்ரிட்ஜில் வைத்து எடுத்தோம். கவிழ்த்ததும் தானாகக் கழன்று விழுந்தது. பாப்பா ஒடித்த சத்தம் கூடம் வரைக்கும் கேட்டது.

இப்போது அக்கா, சர்க்கரைக்குப் பதிலாகக் கருப்பட்டி போட்டு அரைக்க முடியுமா என்று கேட்கிறார். முடியும். ஆனால் கருப்பட்டியில் ஈரம் அதிகம், அப்படியே போட்டால் கூழ் களியாகிவிடும். முதலில் பொடித்து, குறைந்த சூட்டில் நன்றாக உலர்த்த வேண்டும். டிசம்பரில், தேங்காய் எண்ணெய் உறைகிற நாளாகப் பார்த்து, அவர் வீட்டுப் பழைய கிரைண்டரில் முயலுவதாக இருக்கிறோம்.